எனக்குப் போட்டது மருந்தா, டம்மியா? ஊசிச் சோதனையில் ஒரு வருடம்

சிஓபிடியோடு (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) 9 வருடம் ஓட்டிவிட்டேன். மூன்று மருந்து சேர்ந்த இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தும், ஒரே வருடத்தில் இரண்டு தடவை மூச்சு மோசமாகி ஸ்டீராய்டு மாத்திரை வரை போனது. அப்போதுதான் டாக்டர் இந்த ஊசிச் சோதனையைப் பற்றிச் சொன்னார்: சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத டம்மி ஊசி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சேர்வதற்கு முன் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்ப்பது. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்துவார்கள். கண்ணில் பூச்சி பறக்கும். பாதியில் இருமினால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ரத்தத்தில் இயோசினோபில் (ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கை பார்த்தார்கள். 300-க்கு மேல் இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வயிற்றில் தோலுக்கடியில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊசி முக்கால் மணி நேரம் தட்டிலேயே கிடக்கும், குளிர் விடுவதற்கு. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே மருந்தா, டம்மியா என்று போடுகிற நர்ஸுக்கும் தெரியாது. ஊசி போட்ட இடம் சிவந்தால் "மருந்துதான்" என்பாள் மகள். சிவக்காத நாளில் எனக்குள் ஒரு ஏமாற்றம். சிவப்பைக் கண்டு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வருடம் ஒரே ஒரு தடவைதான் மோசமானது. சரி, மருந்துதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகுதான் டுபிலுமாப் சோதனையின் முடிவைப் படித்தேன் (2024-ல் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி கிடைத்த ஊசி அது). அதில் சேர்ந்தவர்கள் முந்தைய வருடம் குறைந்தது இரண்டு தடவை மோசமானவர்கள், அல்லது ஒரு தடவையாவது மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். மருந்து போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.78 தடவை. டம்மி ஊசிக்காரர்களுக்கு 1.10. அதாவது வெறும் ஊசி போட்டவர்களுக்குமே குறைந்திருக்கிறது! மோசமான வருடத்தில் வந்து சேர்கிறோம், அடுத்த வருடம் கொஞ்சம் தேவலை ஆவது இயல்புதான். போதாததற்கு நெருக்கமான கவனிப்பு வேறு. என்னுடைய "ஒரு தடவை" எந்தப் பக்கமும் பொருந்தும். யாருக்கு எது போட்டார்கள் என்ற சீட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

———

ஐயா, இதே மாதிரிச் சோதனையில் சேரப் போன என்னை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். இயோசினோபில் 90 தான் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை முடித்து நாலாவது நாள் ரத்தம் கொடுத்திருந்தேன். அந்த மாத்திரை அந்த எண்ணிக்கையை அமுக்கிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 340. அதற்குள் அந்த இடத்தில் ஆள் எடுப்பது முடிந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்ட தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

———

என் கணவரும் இதே மாதிரி ஒரு சோதனையில் இருந்தார். சீட்டைப் பிரித்தபோது அவருக்குப் போட்டது டம்மி. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "அப்போ நான் மாடி ஏறினது?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல இன்ஹேலரை இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மாடிக்குப் போனார். நடுவில் ஒரு தடவை நின்றார்.