மினியேச்சர் உருவப்படம்: 'அணிபடம்' சரிவருமா?

வணக்கம் ஐயா,

மினியேச்சர் உருவப்படத்துக்குத் தமிழில் "சிற்றோவியம் என்றே வைத்துக்கொள்ளலாமே" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மொழிபெயர்ப்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க உருவப்படங்களைப் பற்றிய கட்டுரை. அதற்கு அந்தச் சொல் போதவில்லை.

முதலில், மினியேச்சர் என்ற சொல்லின் வேரில் சிறுமையே கிடையாது. லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். ஏடுகளில் செந்தூரம் தீட்டும் வேலையிலிருந்து வந்த பெயர் அது. படங்கள் சிறியவையாக இருந்ததாலும், சிறுமையைக் குறிக்கும் வேறு லத்தீன் சொற்களோடு ஒலி ஒத்துப்போனதாலும் பொருள் பிறகு தடம் மாறிவிட்டது. ஆகவே 'சிறு'வை நாம் விடாமல் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. அதோடு, சிற்றோவியம் என்றதும் நம் வாசகருக்கு முகலாய, ராஜபுத்திர ஓவியங்கள்தாம் கண்முன் வரும்.

இங்கே பேசுகிற பொருள் வேறு. தந்தத்தை மெல்லிய சீவலாக அறுத்து, நுரைக்கல் பொடியால் தேய்த்து வழவழப்பைப் போக்குவார்கள். அதன்மேல் வேலம்பிசின் கலந்த நீர்வண்ணம். தந்தம் காகிதம் மாதிரி தண்ணீரைக் குடிக்காது. தூரிகையைச் சற்று ஈரமாக இழுத்தால் அடியில் காய்ந்திருந்த வண்ணமும் கிளம்பி வந்துவிடும். அதனால் புள்ளி புள்ளியாக, இழை இழையாகத்தான் வரைய வேண்டும். முகத்தில் வண்ணத்தை மிக மெலிதாக விடுவார்கள். அடியிலுள்ள தந்தத்தின் ஒளியே கன்னத்துக்கு உயிர் கொடுக்கும். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் பிறந்த ஓவியர் எட்வர்ட் கிரீன் மால்போன் (1777–1807) 29 வயதிலேயே போய்விட்டார். ஆனால் அந்தக் கன்னங்களை அவரளவுக்கு வரைந்தவர் அமெரிக்காவில் இல்லை என்றே நான் சொல்வேன்.

வரைந்ததைக் கழுத்துச் சங்கிலியிலோ கைவளையிலோ பதித்துக்கொண்டார்கள். பலவற்றின் பின்புறத்தில், கண்ணாடிக்கு அடியில், படத்திலிருப்பவரின் தலைமயிரையே பின்னி வைத்திருப்பார்கள். இறந்தவரின் படமானால் அந்த மயிர்தான் உடலில் மிஞ்சியது. முன்புறம் முகம், பின்புறம் மயிர், இரண்டும் அணிந்தவரின் உடம்போடு.

எண்ணெய் வண்ண உருவப்படம் இதற்கு நேர் எதிர். ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் தொடங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் படத்தை முடிக்காமலே தன்னிடம் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து நகல் நகலாக வரைந்து விற்றார். இன்றைய ஒரு டாலர் நோட்டில் இருப்பது அந்த முகம்தான். அது ஊர் பார்க்க வரைந்தது. 'உருவப்படத் திறப்பு' என்று நாம் சொல்கிறோமே, அந்த உருவப்படம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதே ஸ்டூவர்ட்டை பாஸ்டனின் பெண் ஓவியர் சாரா குட்ரிட்ஜ் 1825 வாக்கில் தந்தத்தில் வரைந்திருக்கிறார். அதையும் உருவப்படம் என்று மட்டும் சொன்னால் வேறுபாடே போய்விடுகிறது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'பதக்கப்படம்' என்று எழுதிப் பார்த்தேன். ஒலிம்பிக் ஞாபகம் வருகிறது. வீட்டில் நாம் சொல்கிற 'டாலர்', கட்டுரையில் அமெரிக்கா என்று வரும்போது குழப்பும். 'நெஞ்சுப்படம்' என்றால் எக்ஸ்ரே.

என் பரிந்துரை: அணிபடம். 'ப்' போட்டு அணிப்படம் என்று எழுதினால் கிரிக்கெட் அணியின் படமாகிவிடும். 'ப்' போடாவிட்டால் வினைத்தொகை, அணிகலன் என்பதைப் போல. அணிந்த படம், அணிகிற படம், அணியும் படம் என மூன்று காலமும் உள்ளே அடங்கும். கணவனின் முகத்தை அணிந்தவளிடமிருந்து மகளுக்குப் போய், அவளும் அணிந்துகொண்ட ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குக் கிடைக்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர்கள் மட்டும் அந்த 'ப்'பைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இடத்தில் இது இடறுகிறது. எல்லாப் படத்தையும் அணியவில்லை. குட்ரிட்ஜ் 1828இல் தன் மார்பை மட்டும் தந்தத்தில் வரைந்து அமெரிக்க அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டருக்குக் கொடுத்தார். 6.7 × 8 செ.மீ. அளவுள்ள அது கையில் வைத்துத் தனியே பார்ப்பதற்கானது. 1830களில் நீள்சதுரப் படங்களும், கீல் வைத்த தோல்பெட்டிகளும் பெருகின. 1839க்குப் பிறகு வந்த டகேரோடைப் என்ற தொடக்ககால ஒளிப்படங்கள் அதே மாதிரிப் பெட்டியில் அமர்ந்துகொண்டன, மினியேச்சர் என்ற பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டன. தந்தத்தில் வரைந்தவர்களின் பிழைப்பு அதோடு சரிந்தது.

இந்த வகைக்குச் 'செப்புப்படம்' என்று முதலில் எழுதினேன். மூடியுள்ள சிறு செப்பு, அழகான சொல். ஆனால் டகேரோடைப் தகடே வெள்ளி பூசிய செம்பு. படிப்பவர் உலோகம் என்றே எடுத்துக்கொள்வார். அதனால் 'பேழைப்படம்' என்று மாற்றியிருக்கிறேன். அணிபடம், பேழைப்படம் இரண்டுக்கும் பொதுவாக, உங்கள் 'சிறு'வை விடாமல், 'சிற்றுருவப்படம்' என்று வைத்துக்கொள்ளலாமா ஐயா? கட்டுரையின் முதல் பத்தியிலேயே அந்தச் சொல் வருகிறது, அதனால் கேட்கிறேன்.