வீட்டில் பாட்டுக் கேட்க எந்தச் சேவை: ஃப்ளாக்கா, 320 போதுமா?

இசைத்தேடல்:
ஒரு ஆம்ப், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், வைஃபையில் இணைந்து இணையப் பாட்டை ஆம்புக்குத் தரும் ஒரு ஸ்ட்ரீமர். இவ்வளவுதான் செட்டப். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், டைடல், கோபஸ் நான்கில் ஒன்றுக்கு மட்டும் சந்தா கட்ட உத்தேசம். தரமும் வேண்டும், நடுப்பாட்டில் நிற்கவும் கூடாது. எதை எடுக்கலாம்?

வால்வு வாசு:
யோசிக்கவே வேண்டாம், கோபஸ் அல்லது டைடல். இரண்டிலும் ஃப்ளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை), 24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ் வரை. சாதாரண சிடியே நொடிக்கு 1411 கிலோபிட். அதை ஸ்பாட்டிஃபையின் வழக்கமான 320 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் முக்கால்வாசி காணாமல் போகிறது. நல்ல ஸ்பீக்கரை வாங்கிவிட்டு அதற்குச் சக்கையைக் கொடுப்பானேன்? 320 போதும் என்பவர்களைப் பார்த்தால், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றுதான் தோன்றுகிறது.

கண்கட்டு:
வாசு சார், கற்பூரம்தான் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

1411 என்பது சுருக்காத அளவு. ஃப்ளாக் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் அதைப் பெரும்பாலும் 700–1000க்குள் அடக்கிவிடும். எண்ணை வைத்துத் தரம் பேசினால் இப்படித்தான் இடறும். சிடியைப் போல 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) பதிந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி முழுதாகக் கிடைக்கும். காதின் எல்லை 20, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 192 என்பது பெட்டியின் மேல் ஒட்டுவதற்கான எண்.

சோதிக்க வழி உண்டு. விலைக்கு வாங்கிய ஃப்ளாக் கோப்பு ஒன்றை நீங்களே ஸ்பாட்டிஃபை பயன்படுத்தும் இழப்புள்ள வடிவமான 320 ஓக் வார்பிஸாக மாற்றுங்கள். ஃபூபார்2000 என்ற பிளேயரில் ஏபிஎக்ஸ் (எது எதென்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை) துணைநிரலைச் சேர்த்து 16 சுற்று போடுங்கள். குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர 4 சதவீத வாய்ப்புக்கூட இல்லை. 12 வந்தால் பேசுவோம்.

வால்வு வாசு:
கோப்பை எதற்கு மாற்ற வேண்டும்? ஒரே பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஒரு தரம், கோபஸில் ஒரு தரம் போட்டாலே வித்தியாசம் கேட்கிறதே.

கண்கட்டு:
கேட்கும். ஆனால் அது கோடெக்கின் (ஒலியைச் சுருக்கும் முறையின்) வித்தியாசம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஸ்பாட்டிஃபை இயல்பாகவே ஒலிமட்டத்தை −14 லஃப்ஸ் (கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது. இன்னொன்றில் அந்த வசதி அணைந்திருந்தால் அது சில டெசிபல் உரக்க ஒலிக்கும். 1 டெசிபல் கூடினாலே 'தெளிவாக இருக்கிறது' என்று மூளை சொல்லிவிடும். இரண்டிலும் சமன்செய்தலை அணைத்துவிட்டு, ஒலி அளவைக் கைப்பட ஒன்றாக்கிய பிறகுதான் ஒப்பீடு. அப்போதும் ஒன்றில் பழைய மாஸ்டரும் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிப்பதிவு) மற்றதில் மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டமாக இறுக்கிப் பிழிந்த ரீமாஸ்டரும் இருந்தால் கதை கந்தல்.

டைடல் ஹை-ரெஸ் பாட்டுக்குப் பயன்படுத்திய எம்க்யூஏ என்ற சுருக்குமுறை வந்தபோதும் இதே 'கேட்கிறதே' பேச்சுதான். அது இழப்புள்ள முறை என்று தெரிந்த பிறகு 2024 ஜூலையில் டைடலே அதைக் கைகழுவி ஃப்ளாக்கிற்குப் போனது.

வால்வு வாசு:
மாஸ்டர் விஷயம் சரி. ஆனால் அது என் கட்சிக்குத்தான் வலு: ஹை-ரெஸ் (சிடியைத் தாண்டிய தரம்) பதிப்பாகச் சில நேரம் இறுக்காத வேறு மாஸ்டரே வருகிறது. 320 குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. கைதட்டல், தாளக்கட்டை மாதிரி சட்டென்று வெடிக்கும் ஒலிகளில் முன்னெதிரொலி (ஒலிக்குச் சற்று முன்பே கேட்கும் மங்கலான சத்தம்) எட்டிப்பார்க்கும். எல்லாருக்கும் 320 போதுமென்றால் ஸ்பாட்டிஃபை 2025இல் 24 / 44.1 ஃப்ளாக்கை ஏன் கொண்டுவந்தது?

கம்பிவழி:
சண்டைக்கு நடுவில் கேட்டவரின் கேள்வி அனாதையாக நிற்கிறது. எந்தச் சேவை என்பதை முடிவு செய்வது அந்த ஸ்ட்ரீமர்தான்.

ப்ளூடூத்தில் அனுப்பினால் ஃப்ளாக் சந்தா வீண். போன் அதைப் பிரித்து மறுபடி சுருக்கும்: ப்ளூடூத்தின் சாதாரண கோடெக்கான எஸ்பிசியில் சுமார் 328 கிலோபிட், உயர்தரக் கோடெக்கான எல்டிஏசியில் அதிகபட்சம் 990. ஆப்பிளின் வைஃபை வழியான ஏர்ப்ளே எடுத்தால் போன்தான் பாட்டை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஹை-ரெஸ் முழுசாகப் போகாது. 'கனெக்ட்' வகை வேறு. போன் வெறும் ரிமோட். ஸ்ட்ரீமரே சர்வரிலிருந்து நேராக இழுக்கும். போனை அணைத்தாலும் பாட்டு நிற்காது. ஸ்பாட்டிஃபை, டைடல், கோபஸ் மூன்றுக்கும் கனெக்ட் உண்டு, ஆனால் எல்லா ஸ்ட்ரீமரும் மூன்றையும் ஏற்பதில்லை.

இசைத்தேடல்:
பார்த்தேன். ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், ஏர்ப்ளே இருக்கின்றன. கோபஸ் இல்லை.

கம்பிவழி:
அப்படியானால் போட்டி ஸ்பாட்டிஃபை, டைடல் இரண்டுக்குள்தான். ஆப்பிள் மியூசிக் தரத்தில் குறைந்ததல்ல, 24 / 192 வரை தருகிறது. ஆனால் 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்ட ஐபோனிலிருந்து கம்பியில் வெளி டாக் (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் கருவி) மாட்ட வேண்டும். ஸ்ட்ரீமர் வைத்திருப்பவருக்கு அது சுற்றுவழி.

இரண்டையும் இலவசச் சோதனைக் காலத்தில் எடுங்கள். உண்மையில் கேட்கும் 30 ஆல்பங்களைப் பட்டியல் போட்டு இரண்டிலும் தேடுங்கள். எது இல்லை, எதில் பாட்டு சாம்பல் நிறத்தில் முடங்கியிருக்கிறது, எது எந்த ஆண்டின் ரீமாஸ்டர் என்று குறியுங்கள். பாதிப் பேருக்கு முடிவு இங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, ஆப்பில் வைஃபை தரம் 'தானியங்கி' என்றிருந்தால் மாற்றுங்கள். சிக்னல் தளர்ந்தால் சத்தமில்லாமல் தரத்தை இறக்கும் வேலையை அதுதான் செய்கிறது. ஸ்பாட்டிஃபையின் ஃப்ளாக் வேண்டுமானால் ஸ்ட்ரீமரின் மென்பொருளும் அதை ஏற்க வேண்டும். பாடும்போது திரையில் என்ன தரம் காட்டுகிறது என்று பாருங்கள்.

நடுப்பாட்டில் நிற்பதற்கு இணைய வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். 24 / 192 ஃப்ளாக்கே 5–6 மெகாபிட் சுமார்தான் கேட்கும். குற்றவாளி பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை: மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான், அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்ததைப் பிடியுங்கள். ரௌட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள் இழுக்க வழியிருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

கண்கட்டு:
இது நியாயம். என் ஓட்டு ஸ்பாட்டிஃபைக்கு. பணம் மிஞ்சினால் ஸ்பீக்கர் ஸ்டாண்டு வாங்கி, சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வையுங்கள். அந்த வித்தியாசத்துக்கு ஏபிஎக்ஸே வேண்டாம்.

வால்வு வாசு:
ஸ்டாண்டுக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் சந்தா டைடலுக்கு! அந்த ஈதர்நெட் கேபிளையாவது நல்ல வெள்ளிக் கம்பியாகப் பார்த்து...

கம்பிவழி:
வாசு சார், அதற்குத் தனித் திரி தொடங்குங்கள்.