மறு: ‘பேக்ரன்’ – ‘ஈரப்பூ’ என்று வைத்தால் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

நீர்வர்ண ஓவியச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையை இன்று விடியத்தான் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாகப் பூசுகிற ‘வாஷ்’ என்பதற்குக் ‘கழுவல்’ வேண்டாம், ‘மென்பூச்சு’ போதும் என்று முடிவானது நல்லது. கழுவல் என்றால் எங்கள் வீட்டில் சட்டி பானைதான் நினைவுக்கு வரும். ஈரம் காயமுன் மேலே ஈர வர்ணம் வைக்கிற ‘வெட்-ஆன்-வெட்’டுக்கு ‘ஈரத்தின்மேல் ஈரம்’ என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ‘ஸ்கெச்புக்’ பற்றிய சண்டை நடக்கட்டும். நான் வரையேடு என்று எழுதிக்கொண்டு, வாயால் சித்திரக் கொப்பி என்றே சொல்வேன்.

‘பேக்ரன்’ (backrun) என்ற ஒன்றில்தான், அதாவது காய்ந்துகொண்டிருக்கும் வர்ணத்தில் தண்ணீர் பட்டு வெளிறிப் பரவுகிற அந்தத் தழும்பில்தான், எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. காரணம், என் கொப்பி முழுக்க அதுதான்.

நான் இருப்பது திருகோணமலையில். மூன்று வருடமாக விடிய ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் நீர்வர்ணத்தில் ஒரு பக்கம் வரைகிறேன். டச்சு விரிகுடாவில் இழுத்து வைத்த வள்ளம், கோட்டைக்குள் திரியும் மான், ஒன்றும் கிடைக்காத நாளில் தேத்தண்ணிக் கோப்பை. எனக்கு நானே போட்ட சட்டம் ஒன்றுதான்: எவ்வளவு கெட்டாலும் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. மூலையில் திகதியும் அன்றைய காற்றும் எழுதுவேன். காற்றை எழுதும் பழக்கம் யாரும் சொல்லித் தந்து வந்ததல்ல. ஒருநாள் துடைக்க வைத்திருந்த துணி பறந்துபோன கோபத்தில் ‘பாழாய்ப்போன கச்சான்’ என்று எழுதினேன், அதிலிருந்து தொடர்கிறது. (தமிழ்நாட்டு நண்பர்களே, இது கடலை அல்ல. வருட நடுவில் மேற்குப் பக்கமிருந்து அடிக்கும் வறண்ட காற்று. கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்கிறோம், அது வேறு கதை.)

போன மாதம் பழைய கொப்பிகளை அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. ‘கச்சான்’ என்று எழுதிய பக்கங்களில் பேக்ரன் அனேகமாக இல்லை. ‘வாடை’ என்றும் ‘மழை’ என்றும் எழுதிய கார்த்திகை, மார்கழிப் பக்கங்களில் வானம் தீட்டிய இடமெல்லாம் அதுதான்.

யோசித்தால் காரணம் எளிது. பூசிய வர்ணம் நன்றாக நனைந்து மினுங்கும்போது மேலே தண்ணீர் சொட்டினால் அது கலந்து போய்விடும். முழுதாகக் காய்ந்த பிறகு சொட்டினால் மேலே தனியாக நிற்கும். ஆபத்து நடுவில். மினுக்கம் அடங்கிவிட்டது, தொட்டால் இன்னும் குளிர்கிறது. அந்த நேரத்தில் தாளில் இருப்பதைவிடக் கூடுதல் தண்ணீரோடு தூரிகை பட்டால், புதுத் தண்ணீர் பக்கவாட்டில் பரவி, அங்கே படியத் தொடங்கியிருந்த நிறத்துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். நடுவே வெளிறல், சுற்றிலும் பல்லுப் பல்லாய்க் கரிய விளிம்பு. கச்சான் காலத்தில் அந்த நடு நேரம் ஓரிரு நிமிடம், தூரிகையைக் கழுவி நிமிர்வதற்குள் போய்விடும். மார்கழியில் அது முடியவே முடியாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் வரும் தடித்த பருத்திக் கடதாசி என்றால் இன்னும் மோசம், தண்ணீரைப் பிடித்தால் விடாது.

இந்த நடு நேரத்துக்கே முதலில் ஒரு பெயர் வேண்டும். இழையில் ஒருவர் ‘ஓதம்’ என்றார். அழகான பழஞ்சொல்தான். ஆனால் ஓதம் என்ற பெயரில் ஒரு நோயும் இருக்கிறது. ஓவிய வகுப்பில் ‘உன் ஓதம் இன்னும் காயவில்லை’ என்று நான் யாரிடமும் சொல்லத் தயாரில்லை. கொடியில் கிடக்கும் உடுப்பைப் பார்த்து எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை இருக்கிறதே: ‘அரை ஈரத்தோடு மடிக்காதே.’ அரை ஈரம். அதுவே போதும்.

இனி பேக்ரன். இதுவரை வந்தவை:

‘பின்னோட்டம்’. ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்தது. தண்ணீர் பின்னால் ஓடவில்லை, எல்லாப் பக்கமும் பரவுகிறது. போதாததற்குப் பின்னூட்டத்துக்கு ஓரெழுத்துத் தூரத்தில் நிற்கிறது. அச்சில் நிச்சயம் ஒன்று மற்றதாகும்.

‘பூக்கோவா விளிம்பு’. ஆங்கில ஓவியர்கள் காலிஃபிளவர் என்பதைப் பார்த்து வந்தது. விளிம்பின் வடிவம் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பூக்கோவா இங்கே மலைநாட்டில் இருந்து லொறியில் வந்து இறங்குகிற மரக்கறி. எனக்குப் பசிக்கிறதே தவிர ஓவியம் நினைவுக்கு வரவில்லை.

‘நீர்க்கறை’. இதுதான் வலுவான போட்டி. என் தயக்கம் கறை என்ற சொல்லில். கறை என்றால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

‘நீர்ப்பூ’. கிட்ட வந்துவிட்டது. ஆனால் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று பூவை நான்காகப் பிரித்த பழைய வழக்கில் அது தாமரைக்கும் ஆம்பலுக்கும் போய்விட்டது.

என் முன்மொழிவு ‘ஈரப்பூ’. வினையாகப் ‘பூத்தல்’. இது நான் உட்கார்ந்து உருவாக்கியது அல்ல. போன தை மாதம் உட்துறைமுகத்தைத் தீட்டிக்கொண்டு வந்து மேசையில் விரித்து வைத்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, வானம் உப்புப் பூத்துப் போச்சு?” என்றார்.

எங்கள் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். குசினிச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூக்கும், சுண்ணாம்பு அடித்தால் அடுத்த மாரியில் திரும்பப் பூக்கும். உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிற இடத்தில் இது புதினமில்லை. போய்ச் சுவரையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வெளிறிய நடு, அதே அரித்த ஓரம். சுவரிலும் தண்ணீர்தான் உப்பைச் சுமந்து வந்து, தான் காய்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. மேசையில் சிந்திய கோப்பித் துளி ஓரத்தில் மட்டும் வளையமாகக் காய்வதற்கு, துளியின் ஓரம் வேகமாக ஆவியாவதும் அதை நிரப்ப உள்ளிருந்து நீர் துகளோடு வெளிநோக்கி ஓடுவதும் காரணம் என்று 1997 இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஈரப்பூவில் தள்ளுவது புதுத் தண்ணீர், கோப்பித் துளியில் இழுப்பது ஆவியாதல். ஒரே விஷயம் அல்ல, ஆனால் சொந்தக்காரர்கள்.

தமிழில் ‘பூத்தல்’ என்பதற்கு மலர்தல் மட்டும் பொருள் இல்லை என்பதுதான் என் வாதத்தின் பிடிமானம். நீறு பூத்த நெருப்பு. வியர்வை பூத்த நெற்றி. காத்திருந்து பூத்துப்போன கண். பாணில் பூத்த பூஞ்சணம். ஒரு பரப்பின் மேல் உள்ளிருந்து ஏதோ ஒன்று வெளிறிப் படர்ந்தால் தமிழன் அதைப் பூத்தது என்றுதான் சொல்லியிருக்கிறான். நமக்கு வேண்டியதும் அதுதானே?

‘பூப்பு’ என்ற பெயர்ச்சொல் வடிவத்தை மட்டும் தயவுசெய்து தவிர்ப்போம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கச் சிரிப்பிலேயே போய்விடும்.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து

—

மறுமொழி, வவுனியாவில் இருந்து ஒரு சித்திர ஆசிரியை:

ஈரப்பூ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, அதுதான் என் பிரச்சினை. பிள்ளைகளின் படத்தில் இது வந்தால் நான் புள்ளி குறைக்கிறேன். ‘உன் படத்தில் பூ வந்திருக்கிறது’ என்றால் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லும். பிழைக்குப் பிழையின் பெயர் இருக்க வேண்டும். என் வாக்கு நீர்க்கறைக்கு.

—

ஆசிரியை அக்காவுக்கு,

பூ என்றாலே இனிமை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கண்ணில் பூ விழுந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, வெறும் பகிடியால் தாண்ட முடியாது. அதனால் நேற்று விடிய ஒன்று செய்து பார்த்தேன். பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டியதும் அரச மரத்தடியில் ஒரு மான் படுத்திருந்தது. உடம்புக்குச் செங்காவியும் கொஞ்சம் மண்ணிறமும் கலந்து ஒரே மென்பூச்சு. பிறகு தூரிகையைக் கழுவி, நுனியில் வெறும் தண்ணீர் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். மினுக்கம் கழுத்துப் பக்கமிருந்து அடங்கிக்கொண்டு வந்தது. அடங்கிய இடத்தில் ஒரு சொட்டு. தண்ணீர் நிறத்தை விலக்கிக்கொண்டு மெல்ல அகன்றது, நடுவில் கடதாசியின் வெளிறல், சுற்றிலும் மெல்லிய கரு ஓரம். அடுத்தது, அடுத்தது. முதுகு முழுக்கப் புள்ளி. வெள்ளை வர்ணம் எடுத்துப் புள்ளி வைத்த என் பழைய மான்கள் எல்லாம் சட்டை போட்ட மாதிரி இருக்கும். இதில் புள்ளி தோலுக்குள்ளேயே இருந்தது. பின்காலில் அவசரப்பட்டு மினுக்கம் அடங்கமுன் சொட்டினேன், அங்கே புள்ளியே வரவில்லை. வெறும் கரைசல்.

இதையும் நீர்க்கறை என்று சொல்வீர்களா? வானத்தில் கேட்காமல் வந்தால் பிழை, மானில் கேட்டு வந்தால் உத்தி. நடந்தது இரண்டிலும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘வானம் பூத்துவிட்டது, அரை ஈரத்தில் ஏன் கை வைத்தாய்?’ பிள்ளை பெருமைப்படாது என்று நினைக்கிறேன்.

வர்ணம் படக் கூடாத இடத்தில் முன்கூட்டியே பூசி, பிறகு உரித்தெடுக்கிற ‘மாஸ்கிங் ஃப்ளூயிட்’ பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ‘மறைநீர்மம்’ என்று ஒருவர் போட்டதோடு நிற்கிறது. அதன் சரக்கு ரப்பர் பால்தான், ஆகவே ‘மறைபால்’ பொருந்துமா என்று பாருங்கள். நாளைக்கும் மழை என்கிறார்கள், நான் தேத்தண்ணிக் கோப்பையைத்தான் வரையப்போகிறேன்.