மறு: ட்ரான்ஸ்ஃபர் கேஸ், லோ ரேஞ்ச், லோயர் கியரிங்: தமிழில் எப்படி எழுதலாம்?

வணக்கம்.

மாருதி ஜிப்ஸியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் பெட்டி) வேறு கியர் செட் வாங்கிப் போடுவதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்த நண்பர், முதல் பத்தியிலேயே மூன்று சொல் கிடைக்காமல் முட்டிக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருந்தார். வந்த பதில்களையெல்லாம் படித்தேன். கடத்திப்பெட்டி, மாற்றுப்பெட்டி, பகிர்பெட்டி, பிணைப்பெட்டி என்று பெட்டிக்கு மட்டும் நாலு பெயர் ஆகிவிட்டது. எனக்கு 'லோயர்' என்ற சொல்தான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. இருந்தாலும் பெட்டியை முதலில் முடித்துவிடுவோம்.

கடத்திப்பெட்டி இலக்கணப்படி சரிதான், மின்கடத்தி இருக்கிறதே. ஆனால் கம்பம்மெட்டு செக்போஸ்டில் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து "அது என்னப்பா?" என்று கேட்கும்போது "கடத்திப்பெட்டி சார்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வீடு வந்து சேர முடியாது. மாற்றுப்பெட்டி என்றால் படிக்கிறவர் ஸ்பேர் பெட்டி என்று நினைப்பார், இல்லையென்றால் கியர் மாற்றும் பெட்டியோடு குழப்பிக்கொள்வார்.

பிணைப்பெட்டி என்ற பெயரைத் தந்தவர் சொன்ன காரணம் கனமானது. ஜிப்ஸி மாதிரி வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும். பூட்டு அதற்கு விடாது. அதனால்தான் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் ஸ்டீயரிங் இறுகுகிறது, டயர் தேய்கிறது. இதில் பகிர்வு எங்கே வந்தது என்று கேட்கிறார். கேள்வி நியாயம். ஆனால் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் பலவற்றில் இதே பெட்டிக்குள் ஒரு நடு டிஃபரன்ஷியலும் இருக்கும். அங்கே பிணைப்பு என்ற சொல் பொய்யாகிவிடும். கியர் பெட்டியிலிருந்து ஒரு வழியாக வரும் சுழற்சி முன்னும் பின்னுமாக இரண்டு வழியாகப் போகிறது என்பது இரண்டு வகைக்கும் பொது. ஆகவே என் ஓட்டு பகிர்பெட்டிக்கு.

இனி 'லோ', 'லோயர்'. இந்தப் பெட்டியில் இரண்டு நிலை உண்டு: சாதாரண ஓட்டத்துக்கு 'ஹை', மெதுவாக இழுத்து ஏற 'லோ'.

தாழ்நிலை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "'லோ'வில் 2.27 போதவில்லை, இன்னும் தாழ்ந்த விகிதம் வேண்டும் என்று 4.16 கியர் செட் வாங்கினார்." படிக்கிறவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். எண் ஏறுகிறது, சொல் இறங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இந்தக் குழியில் நாள்தோறும் விழுகிறார்கள். 'எண்ணளவில் உயர்ந்த' என்று பக்கத்தில் ஒரு வால் ஒட்டித்தான் தப்பிக்கிறார்கள். அந்தக் குழியை நாம் ஏன் சுமந்து வந்து இங்கே தோண்ட வேண்டும்?

அந்த எண் எதை அளக்கிறது? உள்ளே வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்று சுற்றும் என்பதை. அதாவது வேகம் எத்தனை மடங்கு தணிகிறது என்பதை. அப்படியானால் அதற்குப் பெயர் தணிப்பு விகிதம். 2.27 தணிப்பைவிட 4.16 கூடுதல் தணிப்பு. சொல்லும் எண்ணும் ஒரே பக்கம் போகின்றன, வால் வேண்டாம். 'லோ ரேஞ்ச்' தணிநிலை. 'லோயர் கியரிங்' கூடுதல் தணிப்பு; அதற்கென்று தனிச்சொல் உருவாக்கத் தேவையே இல்லை.

'ஹை ரேஞ்ச்'சுக்கு நேர்நிலை என்று கோவை நண்பர் தந்ததை ஏற்க முடியவில்லை. பல வண்டிகளில் அந்த நிலையில் சுழற்சி ஒன்றுக்கு ஒன்றாக நேரே போகிறது, உண்மைதான். இப்போதைய ஜிம்னியில் அப்படித்தான், அதன் தணிநிலை 2.002. ஆனால் நம் கட்டுரையின் நாயகனான 1.3 லிட்டர் ஜிப்ஸி குடும்பத்தில் 'ஹை'யிலேயே 1.409 தணிப்பு இருக்கிறது, 'லோ'வில் 2.268. நேராகப் போகாததை நேர்நிலை என்று எழுதினால் கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். இயல்நிலை போதும்.

வண்டி எவ்வளவு மெதுவாக ஊர முடியும் என்பதைச் சொல்லும் 'க்ரால் ரேஷியோ'வுக்குத் தவழ் விகிதம். ஊர் விகிதம் என்று ஒருவர் எழுதியிருந்தார், ஊர்தி என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது, அழகுதான். ஆனால் "உங்கள் ஊர் விகிதம் என்ன?" என்றால் வாக்காளர் பட்டியல் ஞாபகம் வருகிறது.

சொற்களை வைத்து நாலு வரி எழுதினால்தான் தாங்குமா என்று தெரியும். நண்பரின் கட்டுரைக்கு இதையே வரைவாக எடுத்துக்கொள்ளலாம்:

"முதல் கியர், பகிர்பெட்டியின் தணிநிலை, அச்சு ஆகிய மூன்றின் தணிப்பு விகிதங்களையும் பெருக்கினால் தவழ் விகிதம் வரும். ஜிப்ஸியின் உடன்பிறப்பாக வெளிநாடுகளில் ஓடிய சுசூகி சாமுராயில் முதல் கியர் 3.652, பகிர்பெட்டி 2.268, அச்சு 3.727, பெருக்கினால் ஏறக்குறைய 31. எஞ்சின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. உங்கள் வண்டியில் அச்சு விகிதம் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பகிர்பெட்டியில் 4.16 செட் போட்டால் தவழ் விகிதம் 56.6 ஆகும், 6.5 போட்டால் 88.5. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, 205/70 ஆர் 15 டயரில், வண்டி பழைய 2.268இல் மணிக்கு 3.3 கி.மீ., 4.16இல் 1.8, 6.5இல் 1.1 போகும். பாறையில் சக்கரத்தை ஏற்றும்போது கிளட்சை மிதித்து மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்."

இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை.

வரைவில் இன்னொன்றும் சேர்க்கலாம். 4.16 போட்டபின் தணிநிலையில் இரண்டாவது கியரின் கணக்கு 1.947 பெருக்கல் 4.16 பெருக்கல் 3.727, அதாவது 30.2. பழைய முதல் கியர் ஏறக்குறைய அப்படியே இப்போது இரண்டாவது கியராக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே புதிதாக ஒன்று கிடைக்கிறது. பழகின கால் குழம்பாது. எது வாங்கலாம் என்று கேட்கிறவருக்கு மற்றக் கணக்குகளைவிட இது ஒன்றே பாதி பதில்.

பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறையில் இந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஜிப்ஸியில் இது கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். அதனால் கியர் பெட்டியைத் தொடாமல் இதை மட்டும் இறக்கலாம். நடுத்தண்டை உருவியதும் அதன் பல்சக்கரத்துக்குள்ளிருந்து ஊசி பேரிங்குகள் பொலபொலவென்று ட்ரேயில் கொட்டின. மெக்கானிக் அவற்றை மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டவைத்தார். சில செட்டுகளுக்குக் கூட்டின் உட்புறத்தைக் கொஞ்சம் தேய்த்து இடம் பண்ண வேண்டியிருக்கும் என்றார். அவர் வாயில் கூடு, பல், தண்டு எல்லாமே தமிழாகத்தான் வந்தன. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் 'ட்ரான்ஸ்பர்'. கூடு நல்ல சொல், பகிர்கூடு என்றும் யோசித்தேன். கியர் பெட்டி ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் பெட்டியே இருக்கட்டும்.

*

போடியிலிருந்து எழுதும் அண்ணனின் மறுமொழி:

> பகிர்பெட்டி சரி தம்பி. தணிநிலைதான் இடிக்கிறது. கோபம் தணியும், காய்ச்சல் தணியும். தணிந்தால் வலு குறைந்த மாதிரி ஒரு தொனி. எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப்காரர் 'லோ' போடுவதே வலு கூடத்தானே? வலுநிலை என்று வைத்தால் ஓட்டுகிறவனுக்கு உடனே புரியும். தணிப்பு என்று எழுதினால் பிரேக் சமாச்சாரம் என்று நினைப்பான்.

*

அண்ணே, ஜீப்காரர் 'லோ போடு' என்றே சொல்லட்டும், அதை யாரும் மாற்றப் போவதில்லை. எழுதும்போது என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

வலுநிலையில் இரண்டு சங்கடம். இலங்கைப் பாடநூல்களில் வலு என்பது நாம் திறன் என்று எழுதுகிற அதே பௌதிக அளவு. பகிர்பெட்டி அதைக் கூட்டுவதே இல்லை. எஞ்சின் தருகிற திறன் தந்ததுதான். வேகத்தை விட்டுக்கொடுத்து முறுக்குவிசையை வாங்குகிறோம், உராய்வு நடுவில் கொஞ்சம் தின்கிறது. யாழ்ப்பாணத்து வாசகர் வலுநிலை என்று படித்தால் கணக்கே தப்பு என்பார். இரண்டாவது சங்கடம் பெரியது. வலு என்று பெயர் வைத்துவிட்டால் கூடக்கூட நல்லது என்று தோன்றும். 6.5 செட்டை வாங்கிப் போட்டுவிட்டு வைகை மணலில் இறங்குகிறவர் அங்கேயே நிற்பார்.

மணலில் சக்கரத்துக்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். மிகுந்த தணிப்பில் எஞ்சின் கத்தும், சக்கரம் ஊரும், வண்டி நகரும் வேகம் போய்விடும், அப்புறம் குழி தோண்டும். மழைக்குப் பிறகு திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலும் அப்படியே. டயர் பள்ளத்தில் அப்பிய மண்ணைச் சக்கரம் வேகமாகச் சுழன்றுதான் உதற வேண்டும். மெதுவாகச் சுழன்றால் மண் அப்படியே உருண்டு, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். அங்கே தணிநிலையில் மூன்றாவதோ நாலாவதோ போட்டு ஓட்ட வேண்டும். கொழுக்குமலைக்குப் போகிற மாதிரி கல் பெயர்ந்த பாதையில்தான் கூடுதல் தணிப்பு தன் காசைத் திருப்பித் தருகிறது. தணிப்பு என்ற பெயரில் இந்த எச்சரிக்கை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது: எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்பது பெயரிலேயே தெரிகிறது.

முறுக்குவிசை பெருகினால் அதைத் தாங்குவது யார் என்றும் நண்பர் ஒரு பத்தி எழுத வேண்டும். பெட்டியிலிருந்து சக்கரம் வரை சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் க்ராஸ், முன் அச்சு ஜாயின்ட், க்ரவுன் பினியன் எல்லாம் பழையவைதான். சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியிருக்கும்போது 88 மடங்கில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எது மெலிந்ததோ அது போகும். நம் மலைப்பாதைகளுக்கும் ஜிப்ஸியின் அச்சுக்கும் 4.16 போதும் என்பது என் கருத்து. 6.5 பெரிய டயர் போட்டுப் பாறை ஏறுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு. பெரிய டயர் போடுகிறவர் எப்படியும் கொஞ்சம் தணிப்பை இழக்கிறார்: 235/75 ஆர் 15 போட்டாலே விட்டம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதலாக ஓடுகிறது.

அச்சிலேயே விகிதத்தை மாற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். மாற்றலாம். ஆனால் அது இயல்நிலையையும் சேர்த்து இழுத்துவிடும், நான்குவழிச் சாலையில் எஞ்சின் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே போகும். பகிர்பெட்டியில் மாற்றினால் தணிநிலை மட்டும் மாறும்படி வைத்துக்கொள்ளலாம். சில செட்டுகள் இயல்நிலையையும் கொஞ்சம் தணிக்கின்றன, பெரிய டயர்காரர்களுக்கு அது வசதி. வாங்கும்போது இரண்டு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே கூடுதல் தணிப்போடு வந்ததற்கு ஜீப் நிறுவனத்தின் ராங்லர் ரூபிகான் நல்ல எடுத்துக்காட்டு: மற்ற ராங்லர்களில் 2.72 இருந்தபோது 2003இல் இது 4 தணிப்போடு வந்தது. தணிநிலை, இயல்நிலை என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்து இந்தப் பத்தி முழுவதையும் எழுத முடிந்தது என்பதை அண்ணன் கவனிக்க வேண்டும்.

பிரேக் குழப்பம் வரும் என்றதற்கு: தணிப்பு விகிதம் என்று முழுசாக எழுதினால் வராது. முதல் தடவை வரும்போது 'லோ' என்பதையும் மேற்கோள் குறிக்குள் போட்டுவிடலாம்.

அப்புறம், நடு டிஃபரன்ஷியலை இதுவரை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். யாராவது தனி இழை தொடங்குங்கள். 'வேறுபாட்டு அமைப்பு' மட்டும் வேண்டாம்.