தலைவன் வாயிலிருந்து 'இது கார் (மழைக்காலம்) அல்ல' என்று வரும் பாடல் உண்டா?

முல்லைத் திணையில் (தலைவி தலைவனுக்காகக் காத்திருக்கும் பாடல்களில்) மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், நடுவில் நின்றுவிட்டது. கார் வந்தால், பிரிந்து போன தலைவன் திரும்பி வரவேண்டும், சரி. ஆனால் குறுந்தொகை 66இல் தோழி, வம்ப மாரியை (பருவம் அல்லாத மழையை) கார் என்று நம்பிப் பூத்துவிட்டதாம், அந்தக் கொன்றை மடமை உடையது என்கிறாள். தலைவியைத் தேற்ற எத்தனை கனிவான பொய்! நற்றிணை 99இலும் தோழிதான். பூத்துவிட்ட பிடவம், கொன்றை, கோடல் மூன்றையும் குறை சொல்கிறாள். குறுந்தொகை 21இல் தலைவியே, கானம் கார் என்று கூறினாலும் நான் தேறேன் (நம்பமாட்டேன்) என்கிறாள்.

குறுந்தொகையின் முல்லைப் பாடல்களை ஒரு மாதமாக உரையோடு படித்தேன். அப்புறம் தொல்காப்பிய அகத்திணையியலையும் பார்த்தேன். முல்லைக்குக் காரும் மாலையும் என்பதற்கு மேல் இதற்கு விடை இல்லை.

தலைவனோ தேர்ப்பாகனோ பருவத்தை மறுத்துப் பேசும் சங்கப் பாடல் எது? எண் சொன்னால் போதும்.