பாலிசியை இடையில் விட்டால் கிடைப்பதற்கு என்ன பெயர்?

பொருள்: கலைச்சொல் தேவை: ‘சரண்டர் வேல்யூ’
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ, சிங்கப்பூர்

குழுமத்தாருக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. ஊரில் எடுத்த எண்டோவ்மெண்ட் பாலிசியை (ஆயுள் காப்போடு சேமிப்பும் சேர்ந்தது) நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா என்பதுதான் அதன் மையக் கேள்வி. இந்தியாவில் எஸ்ஐபி (ஃபண்டில் தவணையாகப் போடும் முறை) வழியாக வரும் பணம் 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் 25,000 கோடி ரூபாயைத் தாண்டிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமானால், பாலிசியைப் பாதியில் விட்டால் கையில் என்ன வரும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அங்கேதான் சொல் இடிக்கிறது.

முதல் வரைவில் ‘சரண் மதிப்பு’ என்று இருக்கிறது. “பாலிசியைச் சரண் செய்தால்” என்று படிக்கும்போது யாரோ காவல் நிலையத்துக்குப் போவது போல இருக்கிறது. ‘ஒப்படைப்பு மதிப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். எதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கிறார்கள். ‘ரொக்க மதிப்பு’ என்றும் ஒருவர் சொன்னார். இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் ‘கேஷ் வேல்யூ’ என்பதை ஏறக்குறைய இதே பொருளில்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ரொக்கம் என்றால் எண்ணி வைத்த நோட்டு என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே காப்புறுதி, சந்தா. அங்கே காப்பீடு, பிரீமியம். அறிக்கை இங்கு அச்சாகிறது, பாலிசி அங்கே இருக்கிறது. அதனால் இரு பக்கத்தாருக்கும் உறுத்தாத சொல்லாக வேண்டும்.

~

மறு: கலைச்சொல் தேவை: ‘சரண்டர் வேல்யூ’
எழுதியவர்: காப்புறுதி ஆலோசகர், பூன் லே

அக்கா, சொல்லைத் தேடுமுன் அந்தச் சொல் சுமக்க வேண்டிய கணக்கைப் பார்த்துவிடலாம். கணக்கு தெரியாமல் வைத்த பெயர்தான் ‘சரண்’.

ஓர் எடுத்துக்காட்டு. காப்புத் தொகை (முதிர்விலோ இறப்பிலோ தர ஒப்புக்கொண்டது) 10 லட்சம் ரூபாய், காலம் 20 ஆண்டு, ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியம். ஐந்து ஆண்டு கட்டியாயிற்று, மொத்தம் 2,50,000. இப்போது விட்டால் நிறுவனம் இரண்டு கணக்குப் போட்டு, எது கூடுதலோ அதைத் தரும்.

முதலாவது, உத்தரவாதக் கணக்கு. கட்டிய பிரீமியத்தில் இத்தனை விழுக்காடு என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கீழ்வரம்பு வைத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டில் 35, நான்கு முதல் ஏழு வரை 50, கடைசி இரண்டு ஆண்டுகளில் 90. நம் ஆளுக்கு 50 விழுக்காடு, அதாவது 1,25,000. பாலிசி நடக்கும்போதே தவணையாகத் தரும் ‘மணிபேக்’ போல ஏதாவது வாங்கியிருந்தால் அது கழியும். கட்டிய ஜிஎஸ்டி இந்தக் கணக்கில் சேராது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வரியே இல்லை. ஆனால் அதற்கு முன் கட்டியது கட்டியதுதான்.

இரண்டாவது, ‘சிறப்பு’க் கணக்கு. 20 தவணையில் 5 கட்டியிருப்பதால் காப்புத் தொகையும் நாலில் ஒன்றாகச் சுருங்கி 2,50,000 ஆகும். அது கிடைப்பது இன்னும் 15 ஆண்டு கழித்து. அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு எடுக்கும் வட்டி, பத்தாண்டு அரசுப் பத்திர வட்டியைவிட 0.50 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்பது 2024இல் வந்த விதி. பத்திர வட்டி 6.75 என்று வைத்துக்கொண்டால் 7.25இல் கழிக்கலாம், 2,50,000 ஏறத்தாழ 87,500 ஆகிவிடும். இடையில் இறந்தால் தொகை முன்னதாகவே போகும் என்பதால் உண்மைக் கணக்கில் சற்றுக் கூடும். நிறுவனம் இலாபத்திலிருந்து சேர்த்துவந்த போனஸும் மேலே வரும். போனஸை விட்டுப் பார்த்தால் 1,25,000தான் பெரியது, அது கிடைக்கும்.

ஆக, 2,50,000 கட்டியவர் 1,25,000 வாங்குகிறார். ‘சரண்’ என்ற சொல்லில் இந்தப் பாதி எங்கே தெரிகிறது?

~

மறு: மறு: கலைச்சொல் தேவை
எழுதியவர்: ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்), சென்னை

> கட்டிய பிரீமியத்தில் இத்தனை விழுக்காடு

கணக்கு சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2019 விதிகளின்படி இரண்டு ஆண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால்தான் ஏதாவது கிடைத்தது. ஓராண்டோடு விட்டவருக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கட்டி அந்த ஆண்டும் முடிந்திருந்தால் சிறப்புக் கணக்குப்படி தர வேண்டும். மேலே சொன்ன பாலிசியில் அது எவ்வளவு? காப்புத் தொகை இருபதில் ஒரு பங்காகி 50,000. 19 ஆண்டு பின்னோக்கிக் கழித்தால் 13,200 பக்கம். கட்டியது 50,000. “இப்போதெல்லாம் ஒரு வருஷத்திலேயே பணத்தைத் திருப்பித் தருகிறார்கள்” என்று முகவர் சொல்வது இதைத்தான். பொய்யில்லை, ஆனால் ‘திருப்பி’ என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. அறிக்கையில் ‘திருப்பித் தரும் தொகை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

முதல் ஆண்டிலேயே பணம் ஏன் இப்படிக் கரைகிறது என்றால், முகவர் கமிஷன் முதல் ஆண்டில்தான் மிக அதிகம்; மருத்துவப் பரிசோதனை, பதிவுச் செலவு எல்லாம் அப்போதே போய்விடும். முழுப் பணமும் வேண்டுமானால் அதற்கு வேறு கதவு: பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ‘ஃப்ரீ லுக்’ என்று எழுதிக் கொடுத்தால், காப்பு நடப்பில் இருந்த நாள்களுக்கான கட்டணம், மருத்துவச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் போக மீதி வந்துவிடும். சிங்கப்பூரில் அது 14 நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பினால் ஆபத்து.

சொல்லைப் பற்றி: இங்கிலாந்தில் குத்தகைக்காரர் காலம் முடியுமுன் நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவிடுவதற்கும் சட்டத்தில் ‘சரண்டர்’ என்றுதான் பெயர். காப்பீட்டில் அந்தச் சட்டப் பொருள்தான் பொருந்தும். படைவீரன் கைதூக்குகிற பொருள் இல்லை. தமிழில் யாரோ படைவீரனைப் பிடித்துக்கொண்டார்கள். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 113ஆம் பிரிவு பேசுவதும் விட்டுவிடுவதைத்தான்.

என் பரிந்துரை: முறிவு மதிப்பு. ஒப்பந்தத்தை முறிக்கிறோம்.

~

மறு: மறு: மறு: கலைச்சொல் தேவை
எழுதியவர்: தமிழாசிரியர், உட்லண்ட்ஸ்

‘முறிவு’ நல்ல சொல், ஆனால் இடம் சரியில்லை. இலங்கைத் தமிழில் ‘முறி’ என்றாலே கடன் பத்திரம். திறைசேரி முறி, பிணைமுறி என்று அன்றாடம் எழுதுகிறார்கள். நிதித் துறை அறிக்கையில் ‘முறிவு மதிப்பு’ என்று போட்டால் அங்குள்ளவர் பத்திர விலை என்று படிக்க வாய்ப்புண்டு. மேலும் முறிப்பது என்றால் குற்றம் செய்தது போன்ற தொனி வருகிறது. பாலிசியை விடுவது பாலிசிதாரரின் உரிமை, அபராதம் இல்லை.

வாயில் வழங்குவதைக் கேளுங்கள். டெபாசிட்டை ‘உடைக்கிறோம்’. நகையை ‘மீட்கிறோம்’. சீட்டை ‘தள்ளி எடுக்கிறோம்’. பாலிசியை மட்டும் ‘சரண்டர் பண்றோம்’, இல்லாவிட்டால் ‘பாதியில விட்டுட்டோம்’. அந்த ‘பாதியில்’தான் நமக்கு வேண்டிய பொருள்.

ஆகவே: இடைவிலகு மதிப்பு.

விலகு + மதிப்பு வினைத்தொகை. விலகிய, விலகுகிற, விலகும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இன்னும் விலகாதவருக்கும் “விலகினால் இவ்வளவு” என்ற பொருளில் பொருந்தும். ‘விலகல் தொகை’ என்றால் விலகி முடித்தவருக்குக் கொடுத்த பணம் என்று ஆகிவிடும்.

~

மறு: இடைவிலகு மதிப்பு
எழுதியவர்: காப்புறுதி ஆலோசகர், பூன் லே

ஐயா சொன்ன கடைசிக் கருத்து கணக்கிலும் நிற்கிறது. பாலிசியை விடாமலேயே இந்த எண் தேவைப்படும் இடம் கடன். நடப்பில் உள்ள பாலிசிக்கு இந்த மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தருவது வழக்கம். 1,25,000க்கு 1,12,500. அவர் 60,000 வாங்கி, வட்டி 8,000 ஏறிய பிறகு பாலிசியை விட்டால், மதிப்பு 1,25,000தான். கைக்கு வருவது 57,000. இரண்டும் ஒன்றில்லை. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கிளையில் போய் “1,25,000 என்று போட்டிருக்கிறதே” என்று சண்டைதான் நடக்கும். முதலாவது மதிப்பு, இரண்டாவது தொகை என்று பிரித்து எழுதச் சொல்கிறேன்.

இங்கே சிங்கப்பூர்ப் பாலிசிகளில் இன்னொரு பிரிவும் உண்டு. இலாபப் பங்குள்ள திட்டத்தின் விளக்கத் தாளில் உறுதியானது ஒரு நெடுவரிசை, உறுதியில்லாதது இன்னொன்று. உறுதியில்லாததற்கு 2021 ஜூலை முதல் ஆண்டுக்கு 4.25 விழுக்காட்டு வருவாய்க்கு மேல் வைத்துக் காட்டக் கூடாது. நிறுவனம் நொடித்துப்போனால் பாலிசிதாரர் பாதுகாப்புத் திட்டம் காப்பது உறுதியான மதிப்பை மட்டுமே. அதற்கும் ஒரு நிறுவனத்தில் காப்புறுதி செய்யப்பட்ட ஒருவருக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்று வரம்பு. ஆகவே ‘உறுதி’ என்ற அடைமொழி சொல்லோடு ஒட்ட வேண்டும். உறுதி இடைவிலகு மதிப்பு… நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

‘இடை’ தேவையா? ஆயுள் முழுவதுக்குமான பாலிசியில் முதிர்வு என்ற நாளே இல்லை, முடிவு இறப்பில். அங்கே எது இடை?

~

மறு: மறு: இடைவிலகு மதிப்பு
எழுதியவர்: அரசு அலுவலகப் பணி ஓய்வு, மதுரை

சரணுக்காகப் பேச யாரும் இல்லையா? தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ஈட்டிய விடுப்பை விட்டுக்கொடுத்துப் பணம் வாங்குவதைச் ‘சரண் விடுப்பு’ என்று எத்தனையோ காலமாகச் சொல்கிறார்கள். செய்தித்தாளிலும் அப்படியே வருகிறது. ஒருவருக்கும் காவல் நிலையம் நினைவுக்கு வருவதில்லை. பழகிய சொல்லை விட்டுப் புதுச் சொல் கொண்டுபோனால், நம் ஆள் ஊரில் கிளைக்குப் போய் “இடைவிலகு மதிப்பு எவ்வளவு” என்று கேட்பார். எதிரே இருப்பவர் முழிப்பார். பாலிசிப் பத்திரத்திலும் படிவத்திலும் இருப்பது ஆங்கிலச் சொல்தானே?

~

மறு: மறு: மறு: இடைவிலகு மதிப்பு
எழுதியவர்: ஆக்சுவரி, சென்னை

மதுரை ஐயா சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் சரண் விடுப்பில் ஊழியருக்கு நஷ்டம் இல்லை. விட்ட நாளுக்குச் சம்பளம் வருகிறது. இங்கே கட்டியதில் பெரும்பகுதி போகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், அதைப் போல இதுவும் என்று எண்ணத் தோன்றும். அவர் சொன்ன கிளைச் சிக்கலுக்கு ஒரே வழி, முதல் முறை வரும் இடத்தில் “கிளையில் இதை ‘சரண்டர் வேல்யூ’ என்று கேளுங்கள்” என ஒரு வரி சேர்ப்பது.

‘இடை’யை எடுத்துவிடலாம் என்பதில் பூன் லே நண்பரோடு உடன்படுகிறேன். பிரீமியத்தைச் சந்தை நிதியில் போடும் பாலிசியான யூலிப்பிலும் அது இடறும். அங்கே ஐந்தாண்டு பூட்டு. அதற்குள் நிறுத்தினால், கட்டணம் போக மீதி தனி நிதிக்கு மாறி, குறைந்தது 4 விழுக்காட்டு வட்டியோடு ஐந்தாண்டு முடியும்வரை காத்திருக்கும். பணம் உடனே வராது. ஐந்தாண்டுக்குப் பிறகு விட்டால் நிதியின் மதிப்பு முழுதும் வரும், வெட்டு இல்லை. ‘விலகு மதிப்பு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

மியூச்சுவல் ஃபண்டில் யூனிட்டை விற்றுப் பணமாக்குவதற்கு ‘மீட்பு’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டாம். மீட்பில் அன்றைய விலை அப்படியே கிடைக்கும், மிஞ்சிப்போனால் வெளியேறு கட்டணம் கழியும். துண்டறிக்கையே பாலிசிக்கும் ஃபண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதால், இரண்டு வினை இரண்டு சொல்லாக இருப்பதுதான் நல்லது.

~

மறு: விலகு மதிப்பு: முடிவு
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

அனைவருக்கும் நன்றி. விலகு மதிப்பு என்றே போகிறது. கடனும் வட்டியும் கழித்து வருவதைப் பெயர் வைக்காமல் ‘கைக்கு வரும் தொகை’ என்றே எழுதுகிறோம். ‘உறுதி விலகு மதிப்பு’, ‘சிறப்பு விலகு மதிப்பு’ இரண்டும் வாயில் வருகின்றன.

அறிக்கையின் வரி இப்போது இப்படி: “பாலிசியை முதிர்வுக்கு முன் விட்டால், நிறுவனம் கணக்கிடும் விலகு மதிப்பு நீங்கள் கட்டியதைவிடக் குறைவாக இருக்கலாம், முதல் சில ஆண்டுகளில் மிகக் குறைவு. கிளையில் இதைச் ‘சரண்டர் வேல்யூ’ என்று கேளுங்கள். விடுவதற்கு முன், பிரீமியம் கட்டுவதை நிறுத்திப் பாலிசியைச் சுருக்கி வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்றும் எழுத்தில் வாங்குங்கள்.”

அந்தச் ‘சுருக்கி வைத்தல்’ அடுத்த தலைவலி. ‘பெய்டப்’ என்பதைச் ‘செலுத்தி முடித்த பாலிசி’ என்று எழுதியிருக்கிறார்கள். இருபதில் ஐந்து தவணை கட்டியவர் எதைச் செலுத்தி முடித்தார்? ‘குறைகாப்புப் பாலிசி’ என்று நினைத்திருக்கிறேன். வேறு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனி அச்சுக்குப் போகிறது.

அச்சுப்படி பார்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: ‘விலகு மதிப்பு’ போலவே ‘வெளியேறு கட்டணம்’ என்பதும் வினைத்தொகை. நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள்.