புதுப்பிப்பு: ரைடு சிம்பல் வாங்கியாச்சு

எங்கள் ஜாஸ் ட்ரியோவின் டிரம் செட்டுக்கு ரைடு சிம்பல் (தாளம் பிடிக்கக் குச்சியால் தட்டும் பெரிய உலோகத் தட்டு) வாங்க, எந்த நிறுவனத்துடையது நல்லது, இஸ்தான்புல் அகோப்பா, இஸ்தான்புல் மெஹ்மெத்தா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்; நிறுவனர்களில் ஒருவரான அகோப் இறந்தபின் 1996இல் பிரிந்த நிறுவனங்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு எடையைப் பார்க்கச் சொன்னவர்கள் சொன்னதே சரி.

கையால் சுத்தியலடித்துச் செய்தவை என்பதால் ஒரே மாடல், ஒரே 22 அங்குலத்திலேயே இரண்டு தட்டுகள் வேறுவேறாக ஒலித்தன. கனமானதில் குச்சி விழும் ‘டிங்’ தெளிவாகக் கேட்கிறது. மெல்லியதில் ஒலி விரிந்து பரவுகிறது. வேகமாக வாசித்தால் அடுத்த அடியைக் கொஞ்சம் மூடிவிடுகிறது. இரண்டிலும் அதே வெண்கலம்தான், 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம். வித்தியாசமெல்லாம் சுத்தியலடியிலும் கடைசலிலும் (தட்டைச் சுழற்றிச் சீவுவது).

நாங்கள் மெதுவான சத்தத்தில் வாசிப்பவர்கள், மெல்லியதையே எடுத்தேன். விளிம்பில் அடித்தால் கிராஷாகவும் (சட்டென்று ஓங்கி ஒலிக்கும் சிம்பல்) உதவுகிறது. ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) இப்போதைக்குப் பழையதே. பர்ஸ் தாங்காது!